ஏழாம் மதகின் கடைசி இருபது நிமிடம்

இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. அதில் முப்பது நிமிடம் நான் பார்த்தது, கடைசி இருபது பார்க்காதது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து கடலை மிட்டாயைச் சத்தம் வராமல் கடித்துக்கொண்டிருக்கும் மெஹ்ராஜ் டீச்சருக்குத் தெரியாது. எங்களுக்கு நடுவில் வாயைத் திறந்து தூங்கும் அவருடைய கணவர் காஜா பாய்க்கும் தெரியாது, அவருக்கு எந்தப் படத்திலும் எந்த இருபது நிமிடமும் தெரியாது, பெயர் போடும்போதே தூங்கிவிடுவார். எங்கள் சினிமாக் குழுவின் முப்பத்தெட்டாயிரம் பேருக்கும் தெரியாது. அவர்கள் இந்நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஆறு மணிக்குத் தீர்ப்பு வரும் என்று நேற்றே போட்டுவிட்டோம், பெர்க்மான்ஸ் அண்ணனா, மெஹ்ராஜ் டீச்சரா, வாக்கெடுப்பில் எழுபத்தொரு சதவீதம் எனக்கு. எழுபத்தொன்று! காலையில் தூத்துக்குடியில் பஸ் ஏறும்போது அறுபத்தொன்பதாக இருந்தது, வல்லநாடு தாண்டுவதற்குள் இரண்டு ஏறிவிட்டது. பார்க்காத இருபது நிமிடத்துக்கு எழுபத்தொரு சதவீதம். சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, திரையில் யாரோ செத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தக் காட்சியில் சிரித்தால் டீச்சர் திரும்பிப் பார்ப்பார். நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கிறது. பயம் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது யோசித்தால் பயம் கால்வாசிதான், மீதி முக்கால்வாசி வேறு. படம் பார்க்கப்போகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களுக்குப் பிறகு, ஒரு படத்தின் முடிவு தெரியாமல் இப்படித் தவித்து எத்தனை வருடம் ஆயிற்று.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் டீச்சரும் ஆரம்பித்த குழு அது, ‘பெஞ்சு டிக்கெட்’ என்று பெயர், நான் துறைமுகத்தில் கப்பல் சரக்குகளுக்குக் காகிதம் தயார்செய்யும் அலுவலகத்தில் இருந்துகொண்டு, அவர் மேலப்பாளையத்தில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டு. முதலில் நாற்பது பேர். நாற்பது பேரும் ஒரே படத்தைத் திட்டினோம், அந்தச் சந்தோஷத்தில் குழு நிலைத்துவிட்டது. நல்ல படத்தைப் பற்றி இரண்டு நாள் பேசலாம், ஏமாற்றிய படத்தைப் பற்றி இரண்டு மாதம் பேசலாம், டீச்சர் அப்போதே சொன்னது. ஆட்கள் கூடினார்கள், சண்டை கூடியது, விதிகள் எழுதினோம். முதல் விதி நான் எழுதியது: படத்தை முழுதாகப் பார்க்காதவர் பேசக் கூடாது, பேசினால் நீக்கம், திரும்பச் சேர்க்கப்படமாட்டார். இரண்டாம் விதி டீச்சர் எழுதியது: மூன்று வாரத்துக்கு யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. மூன்றாவது முத்திரை. ஒரு படத்துக்கு ‘ஏமாற்றம்’ என்ற சிவப்பு முத்திரையை எங்கள் இருவரில் ஒருவர் போடலாம், மற்றவர் மறுத்தால் மறுகாட்சி. இருவரும் ஒரே காட்சியில், ஒரே வரிசையில், கைபேசியை அணைத்துவிட்டு, இடைவேளைக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி பார்க்க வேண்டும், படம் முடிந்து வரிசையை விட்டு எழுந்து போவதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்பதெல்லாம் கிடையாது. வெளியே போனால் டீக்கடையில் யாராவது ஏதாவது சொல்வார்கள், மனது மாறிவிடும், இருட்டு கண்ணில் இருக்கும்போதே சொன்னால்தான் உண்மை, இதுவும் டீச்சர். பதினோரு வருடத்தில் ஐந்தே மறுகாட்சி. மூன்றில் அவர் ஜெயித்தார். இது ஆறாவது.

ஏழாம் மதகு. புது இயக்குநர், முதல் படம். மலையடிவாரத்தில் ஓர் அணை, கீழே ஒரு தெரு, அணையைப் பழுதுபார்த்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்ட காண்டிராக்டர், அவனை எதிர்க்கும் கதாநாயகன், ஒரு காதல், நான்கு பாட்டு, எல்லாம் எங்கேயோ பார்த்தது. போதாததற்கு ஒரு கிழட்டுத் தலையாரி, வேலாண்டி என்று, அவர் வேலையே தெருவில் உள்ள வீட்டுத் தலைவர்களின் பெயரை வரிசையாக ஒப்பிப்பதுதான், கல்யாணத்தில் ஒப்பிப்பார், சாவில் ஒப்பிப்பார், பஞ்சாயத்தில் ஒப்பிப்பார், எல்லாரும் சிரிப்பார்கள், பார்க்கிற நமக்குச் சிரிப்பு வராது. ‘பெயர் சொல்லியே கொல்கிறார்’ என்று எழுதினேன். அந்த வரிக்கு மட்டும் ஆயிரத்து நானூறு பேர் சிரித்திருந்தார்கள். இதோ இப்போதும் ஒப்பிக்கிறார், சங்கரபாண்டி வீடு, பிச்சம்மா வீடு, சுடலைமுத்து வீடு, இரு, இரு. சுடலைமுத்து பதினேழாவது வீடு. அடுத்தது இருளாயி. இருளாயி வீட்டுக் கதவில் பத்தொன்பது என்று எழுதியிருந்ததே, முதல் பாட்டில் அந்தக் கதவுக்கு முன்னால்தானே ஆடினார்கள். பதினெட்டு எங்கே? போன தடவை இதைக் கவனிக்கவில்லை. எண்ணத் தெரியாமல் விட்டுவிட்டார்களா, தெரிந்தே விட்டார்களா? தெரிந்தே விட்டிருந்தால்? ஐயோ, தெரிந்தே விட்டிருந்தால்! முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டேன். காஜா பாயின் தலை என் தோளிலிருந்து நழுவி மறுபக்கம் போயிற்று. டீச்சர் ஓரக்கண்ணால் பார்க்கிறார். இருமுகிறேன். இருமினால் சந்தேகம் வராது, தியேட்டரில் யார் வேண்டுமானாலும் இருமலாம்.

இடைவேளையில் வெளியே நின்று டீ குடிக்கும்போதும் அவர் அப்படித்தான் பார்த்தார். “என்னண்ணே, டீய ஊதிக்கிட்டே நிக்கீங்க? தோத்துருவோம்னு பயமா?” என்றார். “டீ சூடு டீச்சர்” என்றேன். “பேப்பர் கப்புல பாதிக்கு மேல நுரை. அதுல எங்கண்ணே சூடு?” காஜா பாய் தூக்கம் கலையாத கண்ணோடு ஒரு முட்டைபோண்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “எப்படிப் போவுது பாய் படம்?” என்று கேட்டேன், பேச்சை மாற்ற. “ஏசி நல்லா இருக்கு” என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. “இங்க பாருங்கண்ணே, மூணு வாரமா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். அந்தக் கடைசி வீடு. அதைப் பத்தி ஒரு வார்த்தை நீங்க எழுதல. விதி இருக்கு, பொதுவுல எழுதக் கூடாது, சரி. எனக்குத் தனியா அனுப்பலாம்லா?” நான் சொன்னேன், “அதுல சொல்ல என்ன இருக்கு டீச்சர்.” இதையேதான் மூன்று வாரமாகச் சொல்கிறேன். அவர் அதை என்னுடைய திமிர் என்று எடுத்துக்கொண்டார். எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள், பெர்க்மான்ஸ் அண்ணன் அந்த முடிவைப் பேசக்கூடத் தகுதியில்லாததாக நினைக்கிறார் என்று ஒருவர் எழுதினார், அதற்கும் லைக் விழுந்தது. பொய் சொல்லவில்லை நான், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, நூற்று நாற்பது கமென்ட்டில் ஒரு பொய் கிடையாது. முடிவு தானாக வர வேண்டும், ஒட்டவைக்கக் கூடாது என்று எழுதினேன். பொதுவான உண்மை. இருபது நிமிட வைத்தியத்தால் இரண்டு மணி நேர நோய் தீராது என்று எழுதினேன். அதுவும் உண்மைதான், எந்தப் படத்துக்கும் பொருந்தும். எந்தப் படத்துக்கும் பொருந்துவதை எழுதுகிறவன் எந்தப் படத்தையும் பார்க்காதவன். டீச்சருக்கு இது ஏன் தோன்றவில்லை? என்னை அவ்வளவு நம்புகிறார். அந்த நினைப்பு மட்டும் வேண்டாம், அதை இப்போது தொடாதே, படத்தைப் பார்.

பார்க்கிறேன். பாட்டு. இந்தப் பாட்டு தேவையே இல்லை, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, மூன்று வாரத்துக்கு முன் எழுதியதை இப்போதும் எழுதுவேன். அன்றைக்கு இந்தப் பாட்டில்தான் முதலில் கைபேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. காலை ஒன்பது மணிக் காட்சி, தூத்துக்குடியில், நான் அணைக்க மறந்திருந்தேன், இல்லை, மறக்கவில்லை, முதல்நாள் என்றால் குழுவில் சண்டை வரும், அட்மின் எப்படி அணைப்பது. மூன்று தரம் அதிர்ந்தது. எட்டுத் தரம். எடுத்துப் பார்த்தால் இடைவேளையில் யாரோ ஒருவர் முதல் பாதி மொக்கை என்று எழுத, இன்னொருவர் உனக்கு என்ன தெரியும் என்று கேட்க, தமிழ்நாடு முழுக்க அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அறுபது பேர் படத்தை விட்டுவிட்டு அதில் இறங்கிவிட்டார்கள், அம்மா பெயர் வந்துவிட்டது, சாதிப் பெயர் வரப்போகிறது. காண்டிராக்டரின் ஜீப் அணைச் சாலையில் ஏறியது, ஹாரன் அடித்தான், நான் எழுந்தேன். அந்த ஹாரன் வரைக்கும் பார்த்தேன். மாடிப்படியில் நின்று நாற்பது கமென்ட்டை அழித்தேன், ஆறு பேரின் வாயைக் கட்டினேன், இரண்டு பேருக்குத் தனியாக எழுதிச் சமாதானம் செய்தேன், தம்பி படத்தைப் பாருங்க, முழுசாப் பாத்துட்டுப் பேசுங்க, என்று எழுதியது நான்தான், அதே மாடிப்படியில் நின்று. நிமிர்ந்தால் கதவு திறந்து கூட்டம் வெளியே வருகிறது. முன்னால் வந்தவரிடம் கேட்டேன், எப்படி முடிஞ்சுது? “என்னத்த, அந்தக் கெழவன் பேரு சொல்லிக்கிட்டே இருக்கான்” என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். குழுவில் எல்லாரும் காத்திருந்தார்கள். எப்போதும் பகல் ஒரு மணிக்குள் என் பதிவு வந்துவிடும், பதினோரு வருடமாக ஒரு மணி தவறியதில்லை. எழுதினேன். முத்திரை போட்டேன், டீச்சர் மறுத்தார். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறுநாள் இரண்டு கப்பல் சேர்ந்து வந்தன, நான்காம் நாள் எங்கள் ஊரில் படத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு என் முத்திரை காரணமா? முப்பத்தெட்டாயிரம் பேர் எல்லாரும் தூத்துக்குடியா? இல்லை. ஆனாலும் அந்தப் போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது நான் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் விதியில் நான் நீக்கியவர்கள். ஒவ்வொருவரையும் நானே விசாரித்தேன், படத்தில் கதாநாயகி கடைசியில் என்ன நிறச் சேலை, வில்லன் எந்தக் கையால் சுட்டான், திணறினால் முடிந்தது. ஆல்வினையும் அப்படித்தான். என் மனைவி ரெஜினாவின் தம்பி, கைக்குழந்தையோடு போயிருக்கிறான், படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது குழந்தை வாந்தி எடுத்துவிட்டது, வெளியே வந்துவிட்டான். “அத்தான், அஞ்சு நிமிசம் அத்தான்” என்றான். “விதி விதிதான்ல” என்றேன். போன கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. ரெஜினா கேக்கை வெட்டிக்கொண்டே, “அஞ்சு நிமிசத்துக்காக ஒரு மனுசனை வேண்டாம்னு சொல்லுத ஆளுக்கு இந்தத் துண்டு போதும்” என்று ஓரத்தில் தீய்ந்ததைத் தட்டில் வைத்தாள். ஐந்துக்கு அது என்றால் இருபதுக்கு என்ன? நாளையோடு மூன்று வாரம் முடிகிறது, முடிவைப் பற்றி எல்லாரும் வெளிப்படையாகப் பேசுவார்கள், அதற்குள் பார்த்துவிட வேண்டும், பார்த்துவிட்டால் நானும் பார்த்தவன், பார்த்த பிறகு யார் கேட்டாலும் பதில் இருக்கும், சேலை நிறம் தெரியும். அப்புறம் எந்த நாளில் பார்த்தேன் என்று எவன் கேட்கப்போகிறான்? ஒரே ஒரு ஆபத்துதான். முகம். இரண்டாவது தடவை பார்க்கிறவனின் முகம் வேறு, முதல் தடவை பார்க்கிறவனின் முகம் வேறு, இது டீச்சருக்குத் தெரியும், முப்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எவள் படித்தாள் எவள் படிக்கவில்லை என்று சொல்கிறவர். ஆகவே திடுக்கிடக் கூடாது. கண் கலங்கினால் துடைக்கக் கூடாது, தானாகக் காய விட வேண்டும். வெளியேறும் வழி என்று பச்சையாக எரிகிறதே, டீச்சர் ஊர்ப்பக்கத்து இந்தச் சுகந்தி தியேட்டரில் அந்தப் பலகை திரைக்கு இடதுபுறம் இருக்கிறது, ரொம்ப முடியாவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஜீப் வந்துவிட்டது. ஏறுகிறது. வளைவில் திரும்புகிறது, காண்டிராக்டர் கையைத் தூக்குகிறான், ஹாரன்.

இனி எனக்குத் தெரியாது.

ஜீப் சறுக்குகிறது, விழவில்லை, நிற்கிறது, அவ்வளவுதான், காண்டிராக்டர் கதையிலிருந்தே போய்விட்டான், இது என்ன, சண்டை இல்லையா? கதாநாயகன் ஏழாம் மதகின் சக்கரத்தைப் பிடித்துத் தொங்குகிறான், சக்கரம் அசையவில்லை, அவனையும் விட்டுவிட்டார்கள். காமிரா கீழே இறங்குகிறது, மழை, பகல் மழை, தெரு, அபாயச் சங்கு ஊத வேண்டிய கம்பத்தில் ஒயர் அறுந்து கிடக்கிறது, அதன் கீழே வேலாண்டி. தலையாரி. அவர் அந்த ஒயரை ஒரு தரம் பார்க்கிறார், பிறகு முதல் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். பெயர் சொல்கிறார். கதவு திறக்கிறது. அடுத்த வீடு. பெயர். கதவு. ஓடவில்லை, கத்தவில்லை, கல்யாணத்தில் சொன்ன அதே ராகம், இரண்டு மணி நேரமாக என்னைக் கொன்ற அதே ராகம், ஆனால் இப்போது ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் வெளியே வருகிறார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு, ஒரு கிழவி மாவாட்டிய கையோடு, மேட்டைப் பார்த்து நடக்கிறார்கள். பின்னணி இசை இல்லை. மழைச் சத்தமும் பெயரும். சங்கரபாண்டி, பிச்சம்மா, எனக்குத் தெரிகிறது, நானும் உள்ளுக்குள் சொல்கிறேன், எனக்கே மனப்பாடம் ஆகியிருக்கிறது, அதற்காகத்தான் அத்தனை தடவை ஒப்பிக்கவிட்டார்களா, அடப்பாவிகளா, அதற்காகத்தானா! சுடலைமுத்து. பதினேழு. இப்போது, இப்போது என்ன செய்வார், பதினெட்டு, தாண்டிப் போகிறார், இருளாயி, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. தெரு காலி. தெருமுனையில் தண்ணீர் வந்துவிட்டது, செம்மண் நிறம், வேகமில்லாமல், யாரையோ தேடிக்கொண்டு வருவது மாதிரி. வேலாண்டி திரும்பி வருகிறார். பதினெட்டாம் கதவுக்கு முன்னால் நிற்கிறார். உள்ளே இருமல். அவர் தம்பி, பேச்சு அறுந்துபோன தம்பி. யாரும் சொல்லவில்லை, ஆனால் அந்த இருமலும் இவர் இருமலும் ஒன்று, முதல் பாதி முழுக்க இவர் இருமினார், அதையும் நான் கவனிக்கவில்லை. வாயைத் திறக்கிறார், வரவில்லை. இருபத்தொரு பெயரையும் காகிதம் பாராமல் சொன்ன மனிதர் இடுப்பிலிருந்து அந்தப் பழைய பேரேட்டை எடுக்கிறார், படம் முழுக்க ஒரு தடவைகூட அதைத் திறக்கவில்லை, திறக்கிறார், விரலால் தேடுகிறார், தெரியாதவர் மாதிரி, தன் தம்பியின் பெயரை, வேறு ஆளுடைய பெயரைத் தேடுவது போல, மழையில் மை கரைந்து ஓடுகிறது, இன்னும் தேடுகிறார். பச்சைப் பலகையைப் பார். பார்க்க முடியவில்லை. கணுக்காலில் தண்ணீர். பேரேட்டை மூடுகிறார். சொல்கிறார். கதவு திறக்கும் சத்தம், திரை கறுப்பு.

நான் அசையவில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டும், நன்றாகச் செய்தேன், கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன், மூச்சைக்கூட அளந்து விட்டேன், கண்ணில் வந்தது கன்னத்துக்கு வரவில்லை. விளக்கு எரிந்தது. மொத்தம் பதினோரு பேர், மற்ற எட்டுப் பேரும் எழுந்து போனார்கள். ஆகிவிட்டது, நானும் பார்த்தவன், ஆல்வின் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்வேன். ஆனால் உடம்பு முழுக்க என்னவோ ஓடுகிறது, யாரையாவது பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும், அந்தப் பேரேடு, அந்த விரல், ஐயா அந்த விரலைப் பார்த்தீர்களா என்று, பத்து வயதில் தியேட்டரிலிருந்து வீடு வரைக்கும் ஓடினேனே அந்த மாதிரி ஓட வேண்டும். டீச்சர் பையில் மிட்டாய்க் காகிதத்தைப் போட்டு மூடினார்.

“சரிண்ணே” என்றார். “நீங்க ஜெயிச்சிட்டீங்க.”

எனக்குப் புரியவில்லை.

“ஆமாண்ணே. மொத தடவை நான் அழுதேன், பக்கத்துல இருந்த பொம்பள கர்ச்சீப் குடுத்தா. இன்னைக்கு ஒண்ணுமே இல்ல. கதவு தொறக்கும்னு தெரியுது, தொறக்குது. அதுக்காக அந்த மனுசனை ரெண்டு மணி நேரம் கோமாளியா வச்சிருக்காங்க. நீங்க சொன்ன மாதிரி ஒட்டவச்சதுதான். முத்திரை இருக்கட்டும். ஆறு மணிக்கு நானே எழுதிருதேன்.”

ஆறு மணிக்கு அவரே எழுதிவிடுவார். மூன்றுக்கு மூன்று ஆகிவிடும். எழுபத்தொரு சதவீதமும் சரி, நூற்று நாற்பது கமென்ட்டும் சரி, ஆயிரத்து நானூறு சிரிப்பும் சரி, என்மேல் ஒரு தூசி இல்லை, நான் சொல்ல வேண்டியது சரி டீச்சர் என்ற இரண்டே வார்த்தை, சொல்லிவிட்டு எழுந்து வரிசையை விட்டு வெளியே போக வேண்டும், ஐந்து இருபதுக்குப் பஸ். அந்த விரல் கரைந்த மையின் மேல் தேடிக்கொண்டே இருக்கிறது. சிவப்பு முத்திரை, அதன்மேல். எத்தனை வருடத்துக்கு அப்படியே கிடக்கும், எவனாவது இரண்டு வருடம் கழித்துத் தேடினால் பெர்க்மான்ஸும் மெஹ்ராஜும் சேர்ந்து ஏமாற்றம் என்று சொன்ன படம் என்று வரும், பார்க்காமல் போய்விடுவான். சரி டீச்சர், சொல்.

“என்ன டீச்சர் பேசுதீங்க!” என்று கத்தினேன். காஜா பாய் விழித்துக்கொண்டார். “கதவு தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன? கதவுக்காகவா அந்தக் காட்சி? பேரேட்டை எடுக்காரு பாத்தீங்களா? எல்லாப் பேரும் மனப்பாடம், அந்த ஒத்தப் பேரைத் தெரியாத மாதிரி தேடுதாரு. யார்கிட்ட நடிக்காரு? தெருவுல ஒருத்தன் இல்ல. அவர் அவர்கிட்டயே நடிக்காரு. இது ஒட்டவச்சதா? முன்னாடி ஒப்பிக்கும்போதே அந்த வீட்டை விட்டுட்டான் டீச்சர், பதினேழுக்கு அப்புறம் பத்தொம்பது!”

டீச்சர் என்னையே பார்த்தார். “மூணு வாரமா ஒட்டவச்சது, ஒட்டவச்சதுன்னு யாரு சொன்னா?”

“நான்தான்.”

“இன்னைக்கு என்ன புதுசாக் கண்டீங்க?”

“இன்னைக்குத்தான் கண்டேன் டீச்சர்.”

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் பார்ப்பது மாதிரி பார்த்தார், கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து நிற்கிறாள், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளப்போகிறாள். “ஜீப் ஹாரன் அடிக்கும்லா” என்றேன். “அன்னைக்கு அதோட எந்திரிச்சுப் போயிட்டேன். குழுவுல சண்டை. படியில நின்னு தீத்துவச்சேன். முடிஞ்சு வரும்போது படம் விட்டுட்டான்.”

“படம் முடிஞ்சிட்டா?” என்றார் காஜா பாய்.

“முடிஞ்சிட்டுங்க. உங்களை மாதிரியே ஒருத்தரு கெடைச்சிருக்காரு” என்றார் டீச்சர். “நீங்களாவது உக்காந்த எடத்துல தூங்குதீங்க. எந்தப் படத்தைப் பத்தியும் வாயத் தொறக்கது இல்ல.” குரலில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். “கடைசி வீட்டைப் பத்தி நான் கேட்டேனே அண்ணே. ராத்திரி எல்லாம் யோசிச்சு யோசிச்சுக் கேட்டேன். நமக்குத்தான் ரசனை போயிட்டோன்னு நெனச்சேன். உங்களுக்குப் புடிக்காதது எனக்கு ஏன் புடிச்சுதுன்னு. இன்னைக்குப் பாக்கும்போது உங்க கண்ணால பாத்தேன். உங்களுக்கு என்ன தப்பாப் பட்டுதுன்னு தேடித் தேடிப் பாத்தேன். அதான் எனக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு.”

இல்லாத ஒரு கண்ணை அவருக்குக் கொடுத்து, அதன் வழியாக ஒரு நல்ல காட்சியைப் பார்க்க வைத்திருக்கிறேன். “என்னை நீக்கிருங்க டீச்சர்” என்றேன். “இப்பவே.”

“நீங்க சொல்லணுமா? ஆல்வின் தம்பிக்கு என்ன விதியோ அதான்.” கைபேசியை எடுத்து உயிர்ப்பித்தார், அது விழித்துக்கொள்ள நேரம் எடுத்தது, நாங்கள் மூவரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டச்சு செய்தார். எனக்குக் காட்டவில்லை. பதினோரு வருடம், ஒரு விரலில் முடிந்தது.

“முத்திரை?” என்றேன்.

“அது நிக்கும். நான்தான் விட்டுக்குடுத்துட்டேன்லா.”

“நிக்கக் கூடாது டீச்சர்.”

“நீக்குன ஆளு பேச்சு செல்லாதுண்ணே. அதுவும் நீங்க எழுதுனதுதான்.”

“குழுவுல செல்லாது. இங்க செல்லும். நீங்க இன்னும் வரிசையை விட்டு எந்திரிச்சுப் போகல. போற வரைக்கும் உங்க முடிவு முடிவு இல்ல. என் கண்ணைத் தூக்கித் தூரப் போடுங்க, அது குருட்டுக் கண்ணு. உங்க கண்ணால பாத்ததை நான் உங்களுக்கு ஞாபகப்படுத்துதேன். பேரேட்டுல இருந்து ஆரம்பிக்கேன்.”

டீச்சர் எழுந்துவிட்டார். பையைத் தோளில் மாட்டிவிட்டார். முன்வரிசையில் பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, எப்போது போவீர்கள் என்பது போல நின்றாள். காஜா பாய் காலை மடக்கி வழிவிட்டார். நான் பேசிக்கொண்டே இருந்தேன், விரல், மை, மழை, அந்த இருமல், ஒரு வரிசை முழுக்க எனக்காகவே போட்டது மாதிரி கையை வீசிப் பேசினேன். டீச்சர் நகரவில்லை, மடிந்த இருக்கையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு நிமிசம்” என்றார். “அவரு பேரேட்டை எடுக்கும்போது தண்ணி காலுக்கு வந்துட்டா, வரலையா?”

“வந்துட்டு. கணுக்கால் வரைக்கும்.”

“இல்லண்ணே. எடுக்கும்போது தண்ணி தெருமுனையிலதான் நிக்கு. தேடத் தேடத்தான் வருது” என்று சொல்லிவிட்டு, டீச்சர் இருக்கையைக் கீழே அழுத்தி உட்கார்ந்தார்.